பூஜை அலமாரியில் ஒரு பாஸ்ஓவர் ரொட்டி

டெக்சஸ் மாநிலத்து ரிச்சர்ட்சனில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுப் பூஜை அலமாரியில், முருகன் படத்துக்கும் விபூதிச் சம்புடத்துக்கும் நடுவே, யூதர்களின் பண்டிகை ரொட்டித் துண்டு ஒன்று வெள்ளைத் துணியில் முடிந்தபடி சில வாரங்கள் இருந்தது. கொண்டுபோய் வைத்தவள் நான். எனக்கு அப்போது எட்டு வயது. முருகன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொன்னவர் அப்பாதான், அதுவும் கொஞ்சம் தாமதமாக.

அந்த வருடம் அம்மா எங்களோடு இல்லை. ஐப்பசியில் மாமாவின் கல்யாணத்துக்காகப் பாளையங்கோட்டைக்குப் போயிருந்தாள். மூன்று வாரத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லி, ஃப்ரீசர் கொள்ளாமல் சாம்பாரும் கூட்டும் செய்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினாள். திரும்புவதற்கு முன்னால் சென்னையில் பாஸ்போர்ட்டில் விசா முத்திரை வாங்க வேண்டும். ஸ்டாம்பிங் என்று சொல்வார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவந்து கூடும் பாட்லக்குகளில் கிரீன் கார்டுக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்படும் விஷயம் அதுதான். அம்மாவின் விஷயத்தில் இன்னும் சில சரிபார்ப்புகள் பாக்கி இருக்கின்றன என்று பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்பா போய்க் கூட்டி வரவும் வழியில்லை. வெளியே போனால் அவருக்கும் அதே முத்திரை வேண்டும், அவரும் அங்கே மாட்டிக்கொண்டால் வேலை போய்விடும். இங்கே பிறந்ததால் அந்த வீட்டில் நினைத்தபோது போய் நினைத்தபோது வரக்கூடிய ஒரே ஆள் நான்தான், எனக்கோ ஸ்கூல் இருந்தது.

தீபாவளி போயிற்று. பொங்கலும் போயிற்று. ஃப்ரீசர் சாம்பார் எப்போதோ தீர்ந்துவிட்டது. அப்பாவுக்கு உருப்படியாகத் தெரிந்த சமையல் லெமன் ரைஸ் ஒன்றுதான். தக்காளி போட்டுச் செய்தாலும், தேங்காய் போட்டுச் செய்தாலும், அவர் கைக்கு அது லெமன் ரைஸாகத்தான் வரும். தினமும் காலையில் வீடியோ பார்த்துப் பார்த்து எனக்குச் சடை பின்னிவிடுவார். லஞ்சுக்குள் அது அவிழ்ந்துவிடும். அவிழ்ந்த தலையோடு வீடு திரும்பும் என்னைப் பார்த்து, மறுநாள் இன்னும் இறுக்கிப் பின்னுவார். எனக்குக் கண் இழுத்துக்கொண்டு நிற்கும். அம்மா இருந்தால் என்று நாங்கள் இருவருமே சொன்னதில்லை. சொல்லாமல் இருப்பதற்கு இரண்டு பேரும் சேர்ந்து பாடுபட்டோம்.

எங்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரம் அம்மாவுக்குக் காலை. லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து ஸ்கைப்பில் கூப்பிடுவோம். முதல் ஐந்து நிமிடம் கேக்குதா, கேக்குதா என்பதிலேயே போகும். பிறகு அம்மா தெரிவாள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, தோளில் பின் குத்திய முந்தானை, படிய வாரிய தலை, கையில் வாட்ச். டெக்சஸில் அம்மாவை நான் அப்படிப் பார்த்ததே கிடையாது. இங்கே அவள் டி-ஷர்ட்டும் தொளதொள பேண்டுமாக இருப்பாள், தலையை உருட்டி ஒரு கிளிப்பில் மாட்டியிருப்பாள். விசா வரும்வரை சும்மா இருப்பானேன் என்று, கல்யாணத்துக்கு முன் வேலை பார்த்த பெண்கள் கல்லூரியில் மறுபடி கணக்குப் பாடம் எடுக்கிறாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அது காதில் ஏறவில்லை. என்னைப் பார்ப்பதற்காகத்தான் அம்மா தினமும் இவ்வளவு அழகாக உடுத்திக்கொண்டு வந்து உட்காருகிறாள் என்று நம்பினேன்.

பங்குனி பிறந்த சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா சமையல் மேடையில் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். தன் வெள்ளைக் கைக்குட்டையை மஞ்சள் தண்ணீரில் முக்கி, ஹேர் டிரையரால் காயவைத்து, அதில் குவார்ட்டர் என்கிற கால் டாலர் நாணயத்தை வைத்து முடிந்தார். ஒரு ரூபாய்க் காசுதான் முறை. அது வீட்டில் அகப்படவில்லை. முருகன் எக்ஸ்சேஞ்ச் ரேட் பார்க்க மாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இதெல்லாம் அம்மா செய்தால் கேலி பண்ணுகிற மனிதர் அவர். மேடையின் வெள்ளைக் கல்லில் மஞ்சள் கறை ஏறி, காலி செய்யும் நாள்வரைக்கும் போகவில்லை.

“எதுக்குப்பா இது?” என்று கேட்டேன்.

“செந்தூர் முருகன்ட்ட வேண்டிக்கிட்டு முடிஞ்சு வைக்கது. நெனச்சது நடக்க வரைக்கும் இத அவுக்கக் கூடாது. நடந்த பொறவு கோயில்ல கொண்டு செலுத்தணும்.”

“வாட் டிட் யூ ஆஸ்க் ஃபார்?”

“அம்மா வரணும்னு,” என்றார் அப்பா. முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார்.

அது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அதுவரை அம்மா வருவதற்காக நாங்கள் செய்துகொண்டிருந்தது காத்திருப்பது மட்டும்தான். இப்போது கண்ணால் பார்க்க ஒரு முடிச்சு இருந்தது. ஸ்கூலுக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத் தொட்டுப் பார்த்து, அவிழாமல் இருக்கிறது என்று நிச்சயப்படுத்திக்கொள்வேன்.

இனி பக்கத்து வீடு. அங்கே மிரியம் ஆன்ட்டி, அவர் கணவர், நோவா என்கிற பையன், மூன்று பேர். நோவா என் வகுப்புதான். என்னைவிட இரண்டு மாதம் சின்னவன், அதை அடிக்கடி அவனுக்கு நினைவுபடுத்துவேன். அமெரிக்கர்கள் யாரும் பக்கத்து வீட்டுக்காரர்களை ஆன்ட்டி, அங்கிள் என்று கூப்பிடுவதில்லை. எனக்கோ பெரியவர்களை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராது. முதல் தடவை ஆன்ட்டி என்றபோது அவர் திரும்பி வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். அதற்குப் பிறகு நோவாவிடமே, ஆன்ட்டி கூப்பிடுகிறேன் வா, என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஏப்ரலில் ஒரு நாள் மாலை ஆன்ட்டி எங்கள் வாசலுக்கு ஐந்தாறு பைகளோடு வந்தார். பை நிறைய சீரியல், பாஸ்தா, பிஸ்கட், பிரிக்காத கோதுமை மாவு. ஊரைவிட்டுப் போகிறார்களோ என்று அப்பாவுக்குக் கலக்கமாகிவிட்டது. அதில்லை, பாஸ்ஓவர் வருகிறது என்றார் ஆன்ட்டி. அவர்களுடைய முன்னோர்கள் எகிப்தில் அடிமைகளாக இருந்து தப்பி வந்த நாளை நினைத்துக் கொண்டாடும் பண்டிகை. மாவு புளித்துப் பொங்குவதற்குக்கூட நேரமில்லாமல் கிளம்பினார்களாம். அதனால் பண்டிகை நாட்களில் புளிக்கக்கூடிய மாவுப் பொருள் ஒரு துணுக்குகூட வீட்டில் இருக்கக் கூடாது. சோபா இடுக்கில் விழுந்த பிஸ்கட் தூள்வரை தேடித் துடைத்துவிடுவார்களாம். தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மா ஆடும் ஆட்டத்தை அப்பா நினைத்திருக்க வேண்டும். புரிந்தது புரிந்தது என்று தலையை ஆட்டினார்.

போகும்போது ஆன்ட்டி திரும்பி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட வரவேண்டும் என்றார். பசித்தவர்கள் யாராக இருந்தாலும் வந்து உட்காரலாம் என்று சொல்லித்தான் அந்தச் சாப்பாட்டையே ஆரம்பிப்பார்களாம். அப்பா முதலில் வேண்டாம் என்றார், பிறகு பரவாயில்லை என்றார், பிறகு சரி என்றார். எங்கள் பக்கத்து முறைப்படி மூன்றையும் சொல்லியாக வேண்டும்.

விருந்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்பது இன்னொரு முறை. அப்பா ஒரு பெரிய ஹாட்பேக் நிறைய லெமன் ரைஸ் செய்தார். மணக்க மணக்கப் பெருங்காயம் போட்டார். அதைப் பார்த்ததும் ஆன்ட்டியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் தடுமாறியது. அவர்கள் வழக்கத்தில் அந்த நாட்களில் அரிசியும் ஆகாது, பருப்பும் ஆகாது. பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருக்கிறது, அது சுத்தமாகவே ஆகாது. எங்கள் இருவரையும் உள்ளே விட்டு, ஹாட்பேக்கை மட்டும் வெளியே முற்றத்து மேஜையில் வைத்தார்கள். அதுக்கு விசா கிடைக்கல என்று அப்பா என் காதில் தமிழில் சொன்னார். அம்மா போன பிறகு அப்பா வேடிக்கையாக ஒன்று சொல்லிக் கேட்பது அரிதாக இருந்ததால் நான் தேவைக்கு அதிகமாகவே சிரித்தேன்.

மேஜையில் எல்லாம் இருந்தது, சாப்பாடுதான் இல்லை. விருந்து என்று மத்தியானம் பட்டினி கிடந்து வந்திருந்த அப்பா, எதிரே இருந்த தட்டையும் அடுப்படி வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். முதலில் கதையைப் படிக்க வேண்டுமாம். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார்கள். வீட்டில் இருப்பவர்களில் ரொம்பச் சின்னவர் எழுந்து, இந்த ராத்திரி மட்டும் ஏன் இப்படி என்று நாலு கேள்வி கேட்க வேண்டும். நோவா எழுந்து ஹீப்ரு பாஷையில் மூச்சுவிடாமல் பாடி முடித்தான். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் நான் ஒப்பிக்கிற அதே வேகம். அங்கிள் பதில் படிக்க ஆரம்பித்தார். பதில் நீளமாக இருந்தது. நடுவில் ஆளுக்கொரு கொத்துமல்லி மாதிரித் தழையை உப்புத் தண்ணீரில் முக்கிச் சாப்பிடச் சொன்னார்கள். அப்பாவுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

அடிமை வாழ்வின் கசப்பை மறக்கக் கூடாது என்பதற்காக ஒரு வேரைத் துருவி வைத்திருந்தார்கள். ஜாக்கிரதை, காரம் என்று அங்கிள் சொன்னார். திருநெல்வேலிக்காரனிடம் காரமா என்று அப்பா ஒரு ஸ்பூன் நிறைய எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். அது நாக்கில் ஏறுகிற காரம் இல்லை, மூக்கு வழியாக உச்சந்தலைக்கு ஏறுகிறது. அப்பாவின் கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் வந்தது. நானும் நோவாவும் மேஜைக்கு அடியில் குனிந்து சிரித்தோம். பிறகு ஆப்பிளும் பாதாமும் சேர்த்துப் பிசைந்த ஒரு இனிப்பைக் கொடுத்தார்கள். பஞ்சாமிர்தம் இது என்று அப்பா கண்டுபிடித்து, மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுத் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

இதற்கு நடுவில் அங்கிள் செய்த ஒன்றை நான் கவனித்து வைத்திருந்தேன். அப்பளம்போல் மொரமொரவென்று இருக்கும் புளிக்காத ரொட்டிக்கு மாட்சா என்று பெயர். மூன்று மாட்சாக்களில் நடுவில் இருந்ததை இரண்டாக உடைத்து, பெரிய பாதியை ஒரு வெள்ளைத் துணியில் வைத்து நுனிகளை முடிந்தார். முடிந்ததை எடுத்துக்கொண்டு எழுந்துபோய் எங்கேயோ ஒளித்துவிட்டு வந்தார். நோவா என்னிடம் அதன் விதியைக் கிசுகிசுத்தான். சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் எல்லோரும் அதில் ஒரு துணுக்குச் சாப்பிட்டால்தான் விருந்தே முடியும். கண்டுபிடித்த பிள்ளை கேட்டதைப் பெரியவர்கள் கொடுத்தாக வேண்டும். கொடுக்கும்வரை துணியைத் தரவேண்டியதில்லை.

எனிதிங்கா என்று கேட்டேன். எனிதிங் என்றான். அவன் போன வருடம் சைக்கிள் வாங்கியிருந்தான்.

ஒரு துணி, அதற்குள் ஒரு பொருள், மேலே ஒரு முடிச்சு. கேட்டது நடக்கும்வரை அது அவிழக் கூடாது. இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இவர்களுக்கும் இந்த விஷயம் தெரிந்திருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

சாப்பாடு ஒருவழியாக வந்தது. எங்களுக்காகக் காய்கறி சூப்பும் உருளைக்கிழங்கும் தனியாகச் செய்திருந்தார் ஆன்ட்டி. அப்பா வயிறாரச் சாப்பிட்டார். எனக்கு எதுவும் இறங்கவில்லை. தேடலாம் என்று அங்கிள் சொன்னதும் நோவா புத்தக அலமாரிக்கு ஓடினான். போன வருடம் அங்கேதான் இருந்ததாம். நான் ஓடவில்லை. அங்கிள் எழுந்து போனபோது கதவுச் சங்கிலி அசைந்த சத்தம் எனக்குக் கேட்டிருந்தது. பின்கதவுப் பக்கம் வரிசையாக இருந்த மழைப் பூட்ஸ்களில், பெரியது ஒன்றுக்குள் கையைவிட்டேன். துணி கையில் பட்டது.

அங்கேயே நின்று கத்தியிருக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. நான் சங்கிலியை எடுத்துக் கதவைத் திறந்து, ஹாட்பேக்கைத் தாண்டி, இரண்டு வீட்டுக்கும் பொதுவான புல்தரையில் ஓடி, எங்கள் கராஜ் கதவில் நம்பரை அழுத்தி உள்ளே போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, வெள்ளை முடிச்சை அப்பாவின் மஞ்சள் முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஒன்றுக்கு இரண்டு சாமியாக இருக்கட்டும் என்று இருந்தது. கண்ணை மூடி ஒரு தடவை கேட்டுக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன்.

நான் மூச்சிரைக்க மேஜைக்கு முன்னால் வந்து நின்று, கிடைத்துவிட்டது என்றேன். நோவாவுக்கு முகம் விழுந்துபோயிற்று. அங்கிள் சந்தோஷமாகக் கையைத் தேய்த்துக்கொண்டு, சரி, என்ன வேண்டும், கேள் என்றார். டிராம்போலின் கேள், டிராம்போலின் கேள் என்று நோவா பின்னாலிருந்து ஏற்றிவிட்டான்.

“ஐ வான்ட் மை மாம்,” என்றேன்.

தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஆன்ட்டியின் கை நின்றது. அங்கிள் என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று இன்னொரு தடவை, தெளிவாகச் சொன்னேன். அம்மா வரட்டும், வந்ததும் அதைக் கொண்டுவந்து கொடுத்துவிடுகிறேன்.

“எங்க வச்சிருக்கட்டி?” என்று அப்பா தமிழில் கேட்டார்.

“பூஜா ஷெல்ஃப்.”

“போய் எடுத்துட்டு வா. அவங்க அதச் சாப்பிட்டாத்தான் முடிக்க முடியும்.”

“நோ. யூ ஸெட் அவுக்கக் கூடாது.”

“அது வேற இது வேறம்மா. எடுத்துட்டு வா.”

“யூ ஸெட்,” என்றேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எதற்கும் பிடிவாதம் பிடிக்காத பிள்ளை என்று ஊரில் பேர் வாங்கியிருந்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்த கை மாதிரி அன்று என் மனசு அந்த முடிச்சை விடமாட்டேன் என்றது. வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோனது நாட் ஃபேர் என்று நோவா ஆரம்பித்தான். ஆன்ட்டி அவன் தோளில் கைவைத்தார், அவன் நிறுத்திக்கொண்டான்.

அப்பா அவர்களுக்கு விளக்க வேண்டியதாயிற்று. காசு, மஞ்சள் துணி, முருகன், செலுத்துவது எல்லாவற்றையும், மேனேஜரிடம் ப்ராஜெக்ட் ஏன் தாமதம் என்று சொல்லுகிற அதே இங்கிலீஷில், சாரி சாரி என்று நடுநடுவே போட்டுச் சொன்னார். அங்கிள் இடைமறிக்காமல் கேட்டார். கேட்டு முடித்ததும் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பாதியில் அவிழ்த்தால் என்ன ஆகும்?

வேஸ்டாகிவிடும் என்றேன்.

அப்படியானால் அவிழ்க்கக் கூடாது என்றார் அவர். எழுந்துபோய்ப் பெட்டியிலிருந்து வேறொரு மாட்சா எடுத்து வந்தார். ஒளித்து வைத்தது தொலைந்துபோனால் வேறு துண்டை எடுத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் முறையிலேயே இடம் இருக்கிறதாம். “எங்களுடையது தொலையவில்லை, ஒரு வேலையாக வெளியே போயிருக்கிறது,” என்று நோவாவிடம் சொல்லிவிட்டு, அதை ஐந்தாக உடைத்து எல்லோருக்கும் கொடுத்தார். நோவா யோசித்துவிட்டு, அவளுக்கான பரிசு கைவசம் இல்லையென்றால் அந்த டிராம்போலினை எனக்குத் தரலாமே என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஆன்ட்டி வந்து என் முன்னால் மண்டியிட்டு, என்னால் முடிந்தால் இப்போதே கொண்டுவந்து தந்துவிடுவேன் கண்ணே என்றார். எனக்கு அவர்மேல் ஆசையாக இருந்தது. ஆனால் அவர் மேலிருந்து வந்தது வேறு வீட்டு சோப்பு வாசனை, அது எனக்கு இன்னும் ஏக்கத்தைத்தான் கொடுத்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஹாட்பேக்கைத் தரையில் வைத்துவிட்டுப் பூஜை அலமாரிக்கு முன்னால் நின்றார். இரண்டு முடிச்சுகளையும் பார்த்தார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

“அம்மாவ அவ்வளவு தேடுதாட்டி?” என்று கேட்டார்.

“ஐ டோன்ட் நோ,” என்றேன்.

அப்பா என் சடையைப் பிரித்துவிட்டார். அன்று அது தானாக அவிழாமல் இருந்தது. என்னைப் படுக்கவைத்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். ஜன்னல் வழியே பார்த்தேன். போனைக் காதில் வைத்துக்கொண்டு புல்தரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தார். நெடுநேரம் அவர்தான் பேசினார். பிறகு நின்றார், நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் தூங்கிப்போனேன்.

பள்ளி விடுமுறை விடுவதற்கு முன்னால் அம்மா வந்துவிட்டாள். வந்த மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு, வெள்ளை முடிச்சைத் தட்டில் வைத்துப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். அங்கிள் அதை அம்மாவின் கையாலேயே அவிழ்க்கச் சொன்னார். மாட்சாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. புதிதாக இருக்கும்போதே அது பழசு மாதிரிதான் இருக்கும் என்றார் மிரியம் ஆன்ட்டி. கற்பூர வாசனை அடித்தது என்பதைத் தவிர ருசியிலும் வித்தியாசம் இல்லை. மஞ்சள் துணியின் குவார்ட்டர் அடுத்த முறை ஊருக்குப் போனபோது திருச்செந்தூர் உண்டியலில் விழுந்தது. நான் பல வருடம் இந்தக் கதையை, கேட்டது கிடைத்த கதையாகத்தான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

போன வருடம் எனக்குக் கலிபோர்னியாவில், பே ஏரியாவில் வேலை கிடைத்தது. சாமான்களைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா உதவிக்கு உட்கார்ந்திருந்தாள். அந்த பாஸ்ஓவர் பற்றிப் பேச்சு வந்தது. அம்மா என் ஸ்வெட்டர் ஒன்றை மடித்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

“விசா மாசியிலயே வந்துட்டுட்டி. நாந்தான் வரல.”

நான் மடிப்பதை நிறுத்தினேன். அவள் நிறுத்தவில்லை.

“அந்த செமஸ்டர் முடியட்டும்னு அப்பாட்ட சொன்னேன். முடியப்போற நேரத்துல, அடுத்த வருசமும் இருங்க, பெர்மனென்ட் ஆக்கித்தாரோம்னு காலேஜ்ல கேட்டாங்க. அதயும் சொன்னேன். உன் இஷ்டம்னுட்டாங்க உங்கப்பா. அதுக்கு மேல ஒரு வார்த்த பேசல. உன்ட்ட விசா வரலன்னு சொல்லிக்கிட்டாங்க.”

டெக்சஸில் அம்மாவுக்கு இருந்தது வேலை பார்க்க அனுமதி இல்லாத விசா. அப்பாவோடு சேர்ந்திருக்க மட்டும் அனுமதி. என்னை டேகேரில் விட வேண்டியதுகூட இல்லை, நீ கொடுத்துவைத்தவள் என்று மற்ற ஆன்ட்டிகள் அவளிடம் சொல்வார்கள். அறுபது பெண்கள் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் கரும்பலகையை நிரப்பியவள், இங்கே அந்த வருடங்களில் என் வீட்டுப் பாடத்தையும் நோவாவின் பின்னக் கணக்குகளையும் திருத்தினாள். பின்னால் சட்டம் மாறி அனுமதி வந்தபோது அவள் ஒரு மழலையர் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்தாள். கல்லூரிப் பக்கம் நெருங்க முடியவில்லை, நடுவில் அவ்வளவு வருடம் போயிருந்தது.

“வருத்தமாம்மா?” என்று கேட்டேன். அவளிடம் முக்கியமானதைத் தமிழில் கேட்க நான் எப்போதோ கற்றுக்கொண்டிருந்தேன்.

“ஒன்ன விட்டுட்டு இருந்திருந்தா அது பெரிய வருத்தமால்லா இருந்திருக்கும்,” என்றாள். ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துவிட்டு, “கிளாஸ்ல நிக்க மாதிரி இப்பவும் சொப்பனம் வரும். போர்டுல பாதி எழுதியிருப்பேன். பெல் அடிக்காது,” என்றாள். அடுத்த ஸ்வெட்டரை எடுத்தாள்.

அப்பா அன்று தலைகுனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது எதற்காக என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வா என்று கூப்பிட அவருக்கு மனமிருந்தது, வாய் வரவில்லை. முருகனிடம் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்க முடியாததை நான் ஊரார் மேஜையில், உரத்த குரலில், இரண்டு தடவை கேட்டுவிட்டேன். புல்தரையில் நடந்துகொண்டே அவர் அம்மாவிடம் சொன்னது அதைத்தான். தான் அழைத்ததாக அல்ல, பிள்ளை கேட்டதாக.

அம்மா வந்து இறங்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டல்லாஸ் விமான நிலையத்தில் தடுப்புக்கு இந்தப் பக்கம் நானும் அப்பாவும் நின்றோம். அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். காட்டன் புடவைதான் கட்டியிருந்தாள், பிரயாணத்தில் கசங்கியிருந்தது. என்னைக் கண்டதும் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து தூக்கினாள். எட்டு வயதுப் பிள்ளையைத் தூக்க முடியாமல் என்னோடு சேர்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, நான்தான் உன்னை வரவைத்தேன் என்று இங்கிலீஷில் பெருமையடித்தேன். நீ வரும்வரை தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன், தரவே இல்லை, தெரியுமா.

“தெரியும். அப்பா அன்னைக்கே போன் பண்ணிச் சொன்னாவ,” என்றாள் அம்மா. என் தலையைக் கோதினாள், கோணல் சடையைத் தடவிப் பார்த்தாள். “அந்த போன வைக்கதுக்கு முன்னாலதான் டிக்கெட் போடச் சொன்னேன்.”

அவள் அழுதுகொண்டிருந்தாள். அப்பா கொஞ்சம் தள்ளி, ஓடிப்போகப் பார்த்த பெட்டி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார், எங்கள் பக்கம் வரவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. அப்படியானால் அந்த ராத்திரிதான் விசா வந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.